இரண்டிலும் செவ்வரத்தை

பிள்ளையாரை நான் ஏமாற்றினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்லலாம் என்று ஒத்திப்போட்டதால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பது என்றால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவும் வைத்துக் கட்ட வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. நான் இரண்டிலும் சிவப்பை வைத்தேன்.

நான் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். ஊரில் 'ரீ.ஓ மிஸ்' என்பார்கள். சபை கட்டும் மதகு, கிணறு, சந்தைக் கட்டடம், பொதுக் கழிப்பறை எல்லாவற்றையும் அளந்து பார்த்து, சரியென்றால் கையொப்பம் வைப்பது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பெயர். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், வேலை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர்கள் கலவையில் இன்னும் ஒரு பை சீமெந்தைக் கொட்டுவார்கள் என்று பகிடி சொல்வார்கள்.

அதற்காக என்னைக் கடவுள் இல்லை என்பவர்களின் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தீபகற்பத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம் எங்களுடையது. குளத்துப் பிள்ளையாருக்குப் பொங்காமல் அப்பா ஒரு நெல்மணியையும் விதைத்ததில்லை. திருநீறு பூசாமல் நான் படலையைத் தாண்டியதில்லை. ஆனால் மண் எப்படிப்பட்டது என்பதை மண்ணைத் தோண்டித்தான் அறிய வேண்டும் என்று படித்தவள் நான். இந்த இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் நாற்பத்தெட்டு வயது வரை இருந்தன.

பூங்கா வந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கண்டாவளைப் பக்கம் போனால் அப்படிப் பல ஊர்களைக் காணலாம். ஒரு குளம், அதன் கட்டில் ஒரு பிள்ளையார் கோயில், கட்டுக்குக் கீழே கொஞ்ச வீடுகள், அதற்கப்பால் வயல். கோயில் பரிபாலன சபை கேட்டு, மேலே இருந்தவர்கள் சுற்றுலா என்ற தலைப்பில் அரசாங்கப் பணம் ஒதுக்கி, எங்கள் சபை மேற்பார்வை செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. வரைபடத்தை மேசையில் விரித்தேன். சீமெந்தில் கைலாயமலை. மலைக்குள் குகை. குகைக்குள் எமலோகம், எண்ணெய்க் கொப்பரை, சிவப்பு மின்விளக்கில் நெருப்பு. வெளியே பாற்கடல் என்று ஒரு தடாகம், அதில் அன்னப்படகு. பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கியும்.

அதே குளத்தின் துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் கதவு, கறள் பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. திருத்தித் தாருங்கள் என்று கமக்காரர்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'ஒதுக்கீடு இல்லை' என்றே பதில். எமனுக்குக் கொப்பரை வாங்க மட்டும் ஒதுக்கீடு இருக்கிறதே என்று சபைக் கந்தோரில் வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தார்கள்.

எனக்கு ஆத்திரம் கைலாயத்தில் இல்லை, கைலாயத்தை வைத்த இடத்தில்தான். குளக்கட்டின் வெளிச்சரிவு முடியும் அடியிலேயே, கட்டோடு ஒட்டினாற்போல, அத்திவாரமும் தடாகமும் தோண்டுவதாகக் கீறியிருந்தார்கள். பிள்ளையாரின் காலடியில் எல்லாம் இருக்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. அவர் பரிபாலன சபைத் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், எழுபதைத் தாண்டியவர். கெட்ட மனிதர் இல்லை. இடப்பெயர்வில் கோயில் விக்கிரகத்தைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராய்க் கொண்டு திரிந்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தவர். அவரோடு சண்டை பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கட்டை நம்ப முடியாது. சண்டைக் காலத்தில் அதற்குள் பங்கர் வெட்டியிருந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவசர அவசரமாக மண்ணைப் போட்டு மூடினார்கள். எங்கே எங்கே வெட்டினார்கள், எவ்வளவு ஆழம், மூடிய மண்ணை இறுக்கினார்களா என்பதை அறிந்த ஒருவரும் ஊரில் இல்லை. மேலே புல் முளைத்து, மாடு மேய்ந்து, பார்க்க நல்ல கட்டாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட கட்டின் அடியில் தோண்டுவது, சுவர் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் கீழ்க்கல்லை உருவுவது போன்றது.

முதலில் குழி தோண்டியவர் சிலை செய்பவர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கர், நாற்பது வயது இருக்கும். மாதா சுரூபமும் செய்வார், பிள்ளையாரும் செய்வார். அவர் செய்த பிள்ளையார்களின் வயிற்றைப் பார்த்தால் இப்போதுதான் சாப்பிட்டு எழும்பியவை போல இருக்கும். கைலாயத்துக்கு முதல் தூண் நாட்டத் தோண்டியவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், ஒருக்கா வந்து பாருங்கோ. இந்த வெய்யிலுக்கை குழிக்குள்ளை தண்ணி வருது."

ஆவணி மாதம். வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. குழியின் ஓரத்தில், கட்டுப் பக்கமாக, ஒரு விரல் பருமனில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குளக்கட்டுகள் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவது தெளிந்த நீராக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். ஒரு சோடாப் போத்தலில் பிடித்து, கோயில் மதிலில் வைத்துவிட்டு அரைமணித்தியாலம் காத்திருந்தோம். போத்தலின் அடியில் ஒரு நகக்கண் அளவுக்கு மண் படிந்தது. அவர் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"கட்டு கரையுது என்ன, மிஸ்?"

"ஓம் தம்பி."

"அப்ப நான் இதிலை வேலை செய்யேலாது. கீழை குடியிருக்கிற சனம்..."

அந்த ஊரில் எனக்கு முன்னால் பயந்தவர் அவர் ஒருவர்தான். அன்றே குழியை மூடி, களிமண்ணைப் போட்டு இடித்து இறுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் முறைப்படி அறிக்கை எழுதக் கந்தோருக்குப் போனேன். பூங்காவை இருநூறு மீற்றர் தள்ளி மேட்டுக் காணிக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி, மேலே அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தேன். மேலே அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் ஊர் அந்தத் தண்ணீருக்குத் தன் விளக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கடும் வெயிலில், பிள்ளையாரின் காலடியில், கொஞ்சம் தோண்டிய உடனேயே தண்ணீர். தீர்த்தம்! அடுத்த வாரம் போனபோது குழியைச் சுற்றி மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. பூவரசங்குளத்திலிருந்துகூட வாகனம் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். பிளாஸ்ரிக் கலன்களோடு வரிசை. ஒரு தாய், காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயில் அந்தக் கலங்கல் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தா. அது குளக்கட்டின் மண், அக்கா, கட்டைக் குடிக்கிறியள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஒரு பெரிய கூட்டத்தின் கும்பிட்ட கைகளுக்கு முன்னால் என் நீள வாய் சுருங்கிப்போனது.

தலைவரிடம் போத்தலைக் காட்டினேன். அடியில் படிந்திருந்த மண்ணைப் பார்த்தார்.

"தங்கச்சி, கங்கையிலையும் மண் இருக்குது."

"ஐயா, இது கட்டின்ரை மண். இன்னும் தோண்டினால் ஓட்டை பெருக்கும். மாரியிலை குளம் நிறைஞ்சால் கட்டு நிக்காது."

"பிள்ளையார் குந்தியிருக்கிற கட்டு. ஷெல்லடிக்கே அசையாத கட்டு. அவர் விடுவாரே?"

அன்று கூட்டத்தில் திட்டத்தை மாற்றினார்கள். பாற்கடல் தடாகம் இனித் தீர்த்தக்கேணி. குழியை இன்னும் அகலமாக, இன்னும் ஆழமாக, படிகள் வைத்துத் தோண்டுவது. மேலே உள்ளவர்களுக்கும் நல்ல விருப்பமாம். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கட்டின் அடியில் ஒரு வாய் திறப்பதும், அதற்கு நேரே கீழே இருந்த வீடும்தான் தெரிந்தன. அந்த வீட்டில் ஒரு பெண்ணும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். புருசன் மத்திய கிழக்கில் வேலை. முற்றத்தில் கத்தரியும் வெண்டியும் நட்டிருந்தா. கட்டு உடைந்தால் தண்ணீர் முதலில் அவர்களின் படுக்கைக்குத்தான் வரும். எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் பேனையை வைத்துவிட்டேன்.

இடத்தை மாற்றச் சொல்லித் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். கடைசியில் தலைவர் களைத்துப்போய், "சரி, நீரும் நானும் ஏன் அடிபடுவான்? அவரையே கேப்பம். பூப் போட்டுப் பாப்பம்," என்றார். இந்த இடம் சம்மதமா என்று கேட்பது. பூவைக் கட்டுபவர் இரண்டு பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும். பூசாரியார் பரிபாலன சபையின் ஆள். ஊரவர்கள் எல்லாரும் பூங்காவின் ஆட்கள். தலைவர் என்னைக் காட்டினார்.

"தங்கச்சி கட்டட்டும். அவா எங்களுக்கு எதிர்ப்பக்கம். பிறகு ஒருத்தரும் ஒரு கதை சொல்லேலாது."

எதிர்ப்பக்கத்து ஆளிடம் பூவைக் கொடுக்கும் அளவுக்கு அந்த மனிதருக்குப் பிள்ளையாரில் நம்பிக்கை. கடவுளின் சந்நிதியில் எந்த மனிதரும் பொய் செய்யார் என்றும் நம்பினார். நான் செய்தேன்.

கோயில் பின்பக்கத்துச் சமையல் கொட்டிலில் தனியே இருந்து கட்டினேன். தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இருந்தன. செவ்வரத்தை இதழை வெற்றிலையில் மடித்து நூலால் சுற்றினேன். அடுத்ததை எடுத்தபோது கை நந்தியாவட்டைக்குப் போய்த் திரும்பியது. மீண்டும் செவ்வரத்தை. நந்தியாவட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.  ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே, பிள்ளையாரே என்னைத் தண்டிக்காதே என்றும் கும்பிட்டேன். படித்தவளின் இலட்சணம் இது.

பொட்டலத்தை எடுக்கச் சின்னப் பிள்ளை வேண்டும். கட்டுக்குக் கீழே இருந்த அந்தப் பெண்ணின் மகளைக் குளிக்கவார்த்துக் கூட்டிவந்தார்கள். அவள் இரண்டையும் பார்த்து, யோசித்து, யோசித்து, ஒன்றை எடுத்தாள். பூசாரியார் நூலை அறுத்தார். சிவப்பு. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் அங்கில்லை, குளத்தில் விட்டுவிடுவார்கள். அது தண்ணீரில் விழும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

 தலைவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். தான் சாக்கில் சுற்றிச் சுமந்த பிள்ளையாரே இன்று தன்னை வேண்டாம் என்றுவிட்டாராம். எனக்கு வெற்றி என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ஆனால் கட்டு தப்பியது என்று வீட்டுக்குப் போய் ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை மூன்றாம் நாள் தொடங்கியது. ஊர் இருந்து யோசித்திருக்கிறது. தீர்த்தம் தந்தவர் அதே இடத்தை ஏன் மறுக்க வேண்டும்? இடத்தில் பிழையில்லை. பிழை வேறெங்கோ. கடைசியில் கண்டுபிடித்தார்கள். கைலாயத்தைச் செய்வது யார்? மச்சம் மாமிசம் சாப்பிட்டு, கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளையாரின் தும்பிக்கையைப் பிடித்து உருட்டுகிறவர். அவருடைய கைதான் ஆகவில்லை.

அறிக்கையைத் தள்ளிவைக்கலாம், அதை எதிர்த்து இன்னொரு அறிக்கை எழுதலாம். பூவை எதிர்த்து என்ன எழுதுவது? எழுத வேண்டியது ஒரே ஒரு வசனம். இரண்டிலும் செவ்வரத்தை என்று. அதை நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை. சொன்னால் வேலை போகும், ஊர் என்னை அடிக்கும், கோயிலில் பொய் செய்தவள் என்று என் பிள்ளைகளின் கலியாணப் பேச்சில்கூட வரும். எல்லாப் பயத்துக்கும் அடியில் இன்னொன்றும் கிடந்தது. வாய்திறந்து சொல்லிவிட்டால் பிள்ளையாருக்கும் தெரிந்துவிடும் என்பது போல ஒரு மடத்தனமான பயம்.

சிலை செய்பவர் தன் அச்சுகளையும் கம்பிகளையும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிய காலையில் நான் அங்கே நின்றேன். அரைவாசி செய்த நந்தி ஒன்று வெயிலில் கிடந்தது. அவர் என்னிடம் வந்தார்.

"மிஸ், நீங்கள் தோண்ட விடாதேங்கோ. என்னெண்டாலும் தோண்ட விடாதேங்கோ."

"ஓம் தம்பி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். பெக்கோ இயந்திரம் வந்து ஒரே நாளில் கேணியைத் தோண்டியது. வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன், அதன் பிரதியை மேலே அனுப்பினேன். பதில் வருமுன் படிகள் கட்டி முடிந்தன.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒவ்வொரு நாள் காலையும் கந்தோருக்குப் போகுமுன் அந்தக் கேணிக்குப் போய்ப் போத்தலில் தண்ணீர் பிடித்தேன். முதல் வாரம் நகக்கண் அளவு மண். அடுத்த வாரம் ஒரு விரற்கணு. குளம் ஏற ஏறக் கேணியின் அடியில் சோறு கொதிப்பது போல மணல் துள்ளத் தொடங்கியது. குளத்துத் தண்ணீர் கட்டின் அடியால் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

குளம் நிரம்பினால் மிஞ்சின தண்ணீர் வான் வழியே, கட்டின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய இடத்தால், தானாகப் பாய்ந்து போகும். அந்த வான் வாய்க்கால் இப்போது பூங்காவின் வாசலால் போனது. திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. பெரியவர்கள் வருகிறார்கள், வாசல் வெள்ளமாய்க் கிடக்கக்கூடாது என்று யூரியாப் பைகளில் மண் நிரப்பி வானின் மேல் அடுக்கிவிட்டார்கள். குளம் நிரம்பியும் பாய வழியில்லாமல் கட்டை நெருக்கிக்கொண்டு நின்றது. அன்று காலை மழைக்குள் ஓடினேன். தலைவரும் இருபது முப்பது பேரும் கோயில் மண்டபத்தில் நின்றார்கள்.

"ஐயா, பையளை இழுக்கச் சொல்லுங்கோ. இப்பவே. கேணிக்குள்ளை மணல் கொதிக்குது."

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் மெலிந்து போயிருந்தார். பூ மறுத்த நாளிலிருந்து சரியாய்ச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நாலு நாள்தானே, தங்கச்சி... சரி. கேப்பம். இழுக்கிறதோ விடுறதோ எண்டு அவரையே கேப்பம். நீரே கட்டும். உம்மடை கை பொய் சொல்லாத கை."

தட்டு வந்தது. நந்தியாவட்டை, செவ்வரத்தை, வெற்றிலை, நூல். இழுப்பதற்குச் சம்மதம் வேண்டுமென்றால் இரண்டிலும் வெள்ளையை வைத்தால் போதும். எளிது. சத்தியமாக வைக்கத்தான் நினைத்தேன். வெள்ளைப் பூவை எடுத்தபோது ஒன்று விளங்கியது. இனி இந்த ஊர் குளத்தைப் பார்க்காது, போத்தலைப் பார்க்காது, பூவைத்தான் பார்க்கும். அடுத்த மாரியில் வேறொருவர், நேர்மையான ஒருவர், ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்பும் வைத்துக் கட்டுவார். தவறான பூ வந்தால் சனம் படுத்த இடத்திலேயே போகும். அதைப் பழக்கியவள் நான்.

தட்டைக் கீழே வைத்தேன். "போன முறை ரண்டிலையும் சிவப்பைத்தான் வைச்சனான்," என்றேன்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும். திரும்பச் சொன்னேன். பூசாரியார் சிவசிவா என்றார். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. கண்ணீர் வழிய விக்கிரகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அப்ப நீ என்னை மறுக்கேல்லையோ, அப்பு? மறுக்கேல்லையோ?"

மாதக்கணக்காக அந்த முதியவரை நான் போட்டு வைத்திருந்த இடம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. பிள்ளையார் மறுக்கவில்லை என்றால் எல்லாம் அவருக்குச் சம்மதமே என்றார் ஒருவர். அவருக்குச் சம்மதமான கட்டு உடையுமா என்றார் இன்னொருவர். கள்ளி சொல்லிப் பையை இழுப்பதோ என்றார்கள். உண்மையைச் சொல்லி, பைகளை இன்னும் பாரமாக்கிவிட்டேன். 

கட்டுக்குக் கீழே இருந்த பெண் தூணோரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தா. எனக்கு நேரே வந்தா.

"என்ரை பிள்ளையின்ரை கையாலை பொய் சொல்ல வைச்சிட்டியள், அக்கா."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினா. "நான் பூவையும் கேக்கேல்லை, ஐயா, மிஸ்ஸையும் கேக்கேல்லை. எங்கடை வீட்டு நிலத்தாலை தண்ணி ஊறுது. எனக்குப் பயமாயிருக்கு." மகளைப் பூசாரியாரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கி வானை நோக்கி நடந்தா.

முதல் பையை அவா தனியேதான் இழுத்தா. இரண்டாவதற்கு நான் போய்ச் சேர்ந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தா, தள்ளிவிடவில்லை. மூன்றாவதற்கு, கீழ்வீடுகளில் இருந்த பெண்கள் ஓடிவந்தார்கள், பிறகு ஆண்கள். தண்ணீர் பூங்கா வாசலால் இரைந்து பாய்ந்தது. கைலாயத்துக்கென்று இறக்கி மிஞ்சிக் கிடந்த மணலையும் சல்லியையும் கூடை கூடையாகக் கேணிக்குள் கொட்டி, கொதிப்பின் மேல் பாரம் ஏற்றினோம். பொழுதுபடுமுன் குளம் ஒரு முழம் இறங்கியது. போத்தலில் பிடித்த தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. கட்டு நின்றது. அன்று வந்து பைகளைச் சுமந்தவர்களில் தலைவரும் ஒருவர்.

கட்டைக் காப்பாற்றியது பிள்ளையார் என்று ஊர் சொல்கிறது. நான் மறுப்பதில்லை. மறுக்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். கேணியைக் களிமண் போட்டு மூடினார்கள். பூங்கா பிந்தித் தையில் திறந்தது, எமலோகத்துக்குத்தான் கூட்டம் அதிகமாம். எனக்கு விசாரணைக் கடிதம் வந்தது, இடமாற்றம் வந்தது, சில காலத்தில் நானே ஓய்வு கேட்டு எழுதினேன்.

கடைசியில் முல்லைத்தீவுக்குப் போனேன். சிலை செய்பவரின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. முற்றத்தில் அச்சுகள் கவிழ்ந்து கிடந்தன, கோழிகள் அவற்றுக்குள் முட்டையிட்டிருந்தன. அவர் கரையிலிருந்து வந்தார், கையில் வலை. கறுத்து, வற்றிப்போயிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார். கட்டு நின்றது என்று சொன்னேன். "கேள்விப்பட்டனான், மிஸ்," என்றார். பிறகு பூவின் கதையைச் சொன்னேன். இரண்டிலும் செவ்வரத்தை என்று. அவர் கையில் எந்தப் பிழையும் இல்லை என்று.

அவர் கையிலிருந்த வலையைச் சுருட்டி நிலத்தில் வைத்தார்.

"கடலுக்குப் பயத்திலைதான், மிஸ், நான் சீமெந்து வேலை பழகினனான். அண்ணையைக் கடல் கொண்டுபோனது. அங்கை அந்தப் பூ வந்தாப் பிறகு ஒரு சிலையும் செய்யேல்லை. பிள்ளையாரும் செய்யேல்லை, மாதாவும் செய்யேல்லை. என்ரை கை ஆகாத கை எண்டவை. வேதக்காரன் எண்டாலும் நானும் அதை நம்பினனான்."

"அது நான் செய்த பொய் தம்பி. பிள்ளையார் உங்களை மறுக்கேல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் லான்ட்மாஸ்ரரிலை சாமான் ஏத்தேக்கை பக்கத்திலை நிண்டனியள். அண்டைக்கும் இதே முகத்தோடைதான் நிண்டனியள். இப்ப என்னிலை பாவம் பாத்துச் சொல்லுறியளோ, உண்மையைத்தான் சொல்லுறியளோ, எனக்கு எப்பிடித் தெரியும் மிஸ்?"

மண்ணுக்கு என்னால் போத்தலில் அத்தாட்சி காட்ட முடிந்தது. இதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. என் சொல்லை நம்புங்கோ என்றுதான் கேட்க முடிந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லும் நாட்களில் முன்பெல்லாம் எனக்கு அந்தக் குளக்கட்டுத்தான் கண்ணில் நிற்கும். இப்போது கட்டு நினைவுக்கு வருவதில்லை. அந்த மனிதர் இன்றைக்குக் கடலுக்குப் போயிருப்பாரோ என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறேன், வேறு யாரைக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியாது.